தூக்கி வந்தவனின் துளி

தீர்த்தகிரி டாக்டருக்கு அந்த மாசி மாதம் உட்காரவே மறந்துவிட்டது. கஞ்சியை நின்றபடி குடித்தார். நடந்துகொண்டே முகச்சவரம் செய்து தாடையில் வெட்டிக்கொண்டார். கம்பவுண்டர் காஜா ஒரு முக்காலியை அவர் போகிற பக்கமெல்லாம் தூக்கிப்போய் வைத்துப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய் அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

மனுஷன் அப்படி நிலைகொள்ளாமல் தவித்ததற்குக் காரணம் இருந்தது. தீர்த்தமலைத் திருவிழாவுக்குப் போன கூட்டத்தில் பலர் சாமியைக் கும்பிட்டுவிட்டு வாந்திபேதியோடு திரும்பினார்கள். அரூருக்கு வெளியே, சித்தேரி மலைக்குப் போகிற பாதையில் இருந்த பழைய சத்திரத்தைக் காலரா கொட்டகையாக்கி, டாக்டரையும் காஜாவையும் அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உடம்பிலிருந்து வெளியேறிய தண்ணீரை உப்புச் சேர்த்து நரம்பு வழியாகத் திருப்பி ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர் சலைன். உலகச் சண்டை இன்னும் ஓயாத வருஷம் அது. பட்டாளத்துக்குப் போனது போக மிச்சம்தான் ஊருக்கு. சேலத்திலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி எரித்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸில், வைக்கோல் சுற்றிய குடுவைகளாக, வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை.

ஆகவே வைத்தியத்தைவிடப் பெரிய வேலை பொறுக்குகிற வேலையாக இருந்தது. இவருக்கு இப்போதே ஏற்ற வேண்டும், அவர் கஞ்சித்தண்ணியைக் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவது தீர்த்தகிரிதான். நாடியைப் பிடிப்பார், கண்குழியைப் பார்ப்பார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுவார், சொல்லிவிடுவார். சொன்ன பிறகு தூக்கம் போய்விடும். காத்திருக்கச் சொன்ன ஆள் செத்துப்போனால் அந்த முகம் அவர் சோற்றுத் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போதுதான் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்த சிநேகிதர் ஒருவர் லீவில் வந்து ஒரு புது முறையைச் சொல்லிவிட்டுப் போனார். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து மூன்று புட்டிகளில் வைத்துக்கொள். வெளிர் நீலம், நடு நீலம், கரு நீலம். வியாதிக்காரன் விரலில் குத்தி ஒரு துளி ரத்தத்தை விடு. உடம்பில் நீர் வற்ற வற்ற ரத்தம் கெட்டியாகிக் கனக்கும். நல்ல உடம்புக்காரன் துளி வெளிர் நீலத்தில் முழுகும், நடு நீலத்தில் மிதக்கும். நடு நீலத்திலும் முழுகினால் ஆள் ஆபத்தில் இருக்கிறான், உடனே ஏற்று. கரு நீலத்திலும் முழுகினால் ஓடு.

தீர்த்தகிரிக்குக் கையில் பொக்கிஷம் கிடைத்த மாதிரி ஆயிற்று. பொறுக்குகிற வேலையைப் புட்டி பார்த்துக்கொள்ளும். புட்டிக்குத் தாட்சண்யம் இல்லை, தூக்கமும் தேவையில்லை. அவர் அந்த முறையை நம்ப ஆசைப்பட்டார், அதுதான் உண்மை. ஆனால் படித்த மனுஷன், ஆசைப்பட்டதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்ற கூச்சமும் இருந்தது. தன் கையா புட்டியா, எது ஆளைச் சரியாகப் பிரிக்கிறது என்று அளந்து பார்க்கத் தீர்மானித்தார்.

ஏற்பாடு இதுதான். டாக்டர் முதலில் பார்த்து மனதுக்குள் முடிவு செய்துகொள்வார். காஜா மறைப்புக்குப் பின்னால் துளியை விட்டுப் பார்ப்பார். இருவர் சொல்லும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. வேறாக இருந்தால், ஒருநாள் கை சொன்னபடி, மறுநாள் புட்டி சொன்னபடி. ஒன்று அவசரம் என்றும் மற்றது காக்கலாம் என்றும் சொல்லி, அன்றைய முறைப்படி காக்க வைத்த ஆளைத்தான் கணக்கில் எடுப்பது. அவர் தேறிவிட்டால் காக்கலாம் என்று சொன்னதற்கு ஜெயம். மோசமாகிவிட்டால் அவசரம் என்று சொன்னதற்கு.

"சலைன் ஏத்துன ஆளுங்களக் கணக்குல சேக்கலையா?" என்று காஜா கேட்டார்.

"எப்படிச் சேக்கறது பாய்? ஏத்துனதால பொழச்சானா, ஏத்தாட்டியும் பொழச்சிருப்பானான்னு யாரு கண்டா?"

"அதுவும் சரிதான்" என்று காஜா சொல்லிவிட்டு, மாடத்தில் இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கழுவி வைத்தார். ஒன்று கைக்கு, ஒன்று புட்டிக்கு. எது ஜெயித்ததோ அதில் ஒரு புளியங்கொட்டை விழும்.

முதல் வாரத்திலேயே புட்டியின் கொட்டாங்குச்சி கொழுத்துவிட்டது. கை காக்கலாம் என்று விட்ட தடித்த ஆட்கள் மத்தியானத்தில் சுருண்டு விழுந்தார்கள். புட்டி முன்பே சொல்லியிருந்தது. கை பதறிய ஒல்லி மனுஷர்கள் கஞ்சித்தண்ணியிலேயே எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டார்கள். அதையும் புட்டி சொல்லியிருந்தது. தன் கை தோற்கத் தோற்கத் தீர்த்தகிரிக்குச் சந்தோஷம். இப்படித் தோற்றுச் சந்தோஷப்படுகிற ஆளைக் காஜா அதற்கு முன் பார்த்ததில்லை. கையின் கொட்டாங்குச்சியிலும் சில கொட்டைகள் கிடந்தன. "புட்டியும் ஒண்ணு ரெண்டு தப்பும் பாய்" என்று டாக்டர் பெருந்தன்மையோடு சொல்லிக்கொண்டார்.

அப்படிப் புட்டி தவறவிட்டவர்களில் ஒருவன் ஆண்டி. சித்தேரி மேலே இருந்து கீழே வந்த முதல் ஆள். திருவிழாவில் தேனும் புளியும் விற்க வந்தவர்கள் வியாதியையும் மலைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் பயந்து திரும்பிவிட்டார்கள். அன்று புட்டியின் நாள். கை அவசரம் என்றது. துளி நடு நீலத்தில் மிதந்தது. காக்க வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஆண்டி போய்விட்டான். காஜா கையின் கொட்டாங்குச்சியில் ஒரு கொட்டையைப் போட்டார்.

ஒருநாள் விட்டு மறுபடி புட்டியின் நாள். உச்சி வெயிலில், கம்பளியை மூங்கிலில் கட்டிய தூளியோடு இரண்டு பேர் மலைப்பாதையில் வந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவன் குள்ளன். பெயருக்குத்தான் குள்ளன், ஆள் சத்திரத்து வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம். தூளியில் அவன் பெண்டாட்டி ராமக்கா சுருண்டு கிடந்தாள். கூடத் தூக்கி வந்த பங்காளி, பாரத்தை இறக்கியதும் இன்னொருத்தரைத் தூக்க வேண்டும் என்று மலைக்கே ஓடினான்.

"விடியறதுக்கு முந்தித் தூக்குனோம் சாமி. வழியெல்லாம் தண்ணி தண்ணின்னா. இப்பப் பேச்சுமில்ல" என்றான் குள்ளன். பிறகு டாக்டரை நேராகப் பார்த்து, "எங்கண்ணன் ஆண்டி இங்கதாங்க செத்தான்" என்றான். குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னான். தீர்த்தகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

நாடி நூலாக ஓடியது. விரல் நுனிகள் நெடுநேரம் துணி துவைத்தவள் விரல்போலச் சுருங்கியிருந்தன. தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அவசரம், அவசரம் என்றது கை.

காஜா மறைப்பிலிருந்து வெளியே வந்தார். "வெளிர்ல முழுவுது. நடுவுல மெதக்குது. நல்ல ஒடம்புதான் சார், காக்கலாம்."

சரியாக அதே நேரத்தில், உள்ளே ஏரியூர் கடலைக்காய் வியாபாரி அர்ச்சுனன் கட்டிலில் சாய்ந்தபடி, சத்திரத்துக் கஞ்சியில் உப்பு இல்லை என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த கை காக்கலாம் என்று சொல்லியிருந்தது. இவ்வளவு கத்துகிறவனுக்கு என்ன ஆபத்து? ஆனால் அவர் துளி நடு நீலத்தில் கல்லாக இறங்கியிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே குடுவை. மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. முறைப்படி குடுவை அர்ச்சுனனுக்கு.

தீர்த்தகிரி குடுவையை எடுத்தார். வைத்தார். கையைக் கழுவினார். வாசலுக்குப் போய்ப் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் கையைக் கழுவினார்.

"எத்தனவாட்டி கழுவுவீங்க சார், தோல் உரிஞ்சுரும்" என்றார் காஜா.

"ராமக்காவுக்கு ஏத்தணும்போல இருக்குது பாய்."

"ஏத்துங்க. ஆனா இன்னிக்குப் புட்டி நாளு. அர்ச்சுனன் செத்துட்டா யாரு பதில் சொல்றது? இத்தன நாளா ஆளப் பாத்துப் பதறாதீங்கன்னு எனக்குப் பாடம் எடுத்தது நீங்கதான்."

அது குத்தலாகச் சொன்னது இல்லை, நியாயமாகவே கேட்டார். கொழுத்த கொட்டாங்குச்சி மாடத்தில் இருந்தது. அது பொய் சொல்லவில்லை என்று டாக்டருக்குத் தெரியும். இந்தக் கை எத்தனை முறை தோற்றிருக்கிறது என்றும் தெரியும். இப்போது இது கத்துவதை எதற்கு நம்புவது? ஆண்டிக்கும் இப்படித்தான் கத்தியது.

இந்த நேரம் பார்த்துக் குள்ளன் தன் விரலை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்கும் குத்துங்க."

"உனக்கு எதுக்குப்பா? நீ நல்லாத்தான இருக்கற?"

"எங்கூர்ல பூசாரி நோவுகாரிக்குக் கயிறு கட்டுனா தூக்கியாந்தவனுக்கும் கட்டுவாருங்க. கட்டாட்டி நோவு தூக்குனவன் தோள்ல ஏறிக்கும். அவளுக்குக் குத்துனீங்க, எனக்குக் குத்தல. எங்கண்ணனத் தூக்கியாந்தவங்களுக்கும் நீங்க குத்தல."

"இது கயிறு இல்லப்பா."

"எதுவா இருந்தா என்ன சாமி? குத்தாட்டி நான் நவுர மாட்டேன்."

வாதாட நேரம் இல்லை. காஜா சலித்துக்கொண்டே அவன் விரலில் ஊசியை வைத்தார். மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோகக்கூட இல்லை. புட்டிகளை அங்கேயே வைத்து, பழக்கத்தில் வெளிர் நீலத்தில் துளியை விட்டார்.

துளி உள்ளே போயிற்று. தயங்கிற்று. பிறகு மெல்ல ஏறி மேலே வந்து மிதந்தது.

காஜா புட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். "சார், இது வெளிர்தானே?"

தீர்த்தகிரி ஒரே எட்டில் வந்தார். இன்னொரு துளி விடச் சொன்னார். அதுவும் மிதந்தது. மயில்துத்தம் கெட்டுவிட்டதோ என்று தன் விரலில் குத்தி விட்டார். அவர் துளி ஒழுங்காக முழுகியது. குள்ளனின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"வருஷா வருஷம் குளிர்காய்ச்சல் வருமா உனக்கு?"

"எங்கூர்ல யாருக்குத்தாங்க வராது? மழ விட்டதும் எல்லா வூட்லயும் போத்திக்கிட்டுப் படுத்துக்குவோம். அப்புறம் எந்திரிச்சு வேலைக்குப் போவோம்."

டாக்டருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கிற்று. பட்டாளத்துக்காரன் மூன்று வேளை தின்று வளர்த்த ரத்தத்தை வைத்துக் கோடு போட்டிருக்கிறான். கீழ்நாட்டு ஆட்களுக்கு அந்தக் கோடு ஒத்துப்போயிற்று. மலைக்காரர்கள் ரத்தமோ மலேரியாக் காய்ச்சலில் நீர்த்து நீர்த்து, நல்ல நாளிலேயே வெளிர் நீலத்தில் மிதக்கிற ரத்தம். அது வெளிரில் முழுகினாலே உடம்பு வற்றிவிட்டது என்று பொருள். ராமக்காவின் துளி வெளிரில் முழுகியது. புட்டி கண்ணுக்கு அவள் நல்ல உடம்புக்காரியாகத் தெரிந்தாள். அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி" என்றார் தீர்த்தகிரி. யாரைச் சொன்னார் என்று காஜா கேட்கவில்லை.

குடுவை ராமக்காவின் தலைக்கு மேல் ஏறியது. நரம்பு கிடைக்கவில்லை. கணுக்காலில் கீறித் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நீர் இறங்க ஆரம்பித்தது. குள்ளன் காலடியில் குந்தி, பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஏதோ குறைந்திருந்தது. தீர்த்தகிரிக்குச் சட்டென்று பிடிபட்டது. அர்ச்சுனனின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். வியாபாரி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நாடி கைக்குள் வந்து வந்து போயிற்று. அவர் விஷயத்தில் புட்டி சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. கைதான் ஏமாந்தது. பதறிப்போய் நின்றார் டாக்டர். இந்தப் பக்கம் கை ஜெயிக்கிறது, அந்தப் பக்கம் புட்டி ஜெயிக்கிறது, நடுவில் ஒரு குடுவை.

"பாதி இறங்கட்டும். மீதிய அவருக்கு மாத்திரலாம். இன்னொரு ஊசியக் கொதிக்க வைங்க பாய்."

"பாதி போதுமா சார் இந்தம்மாவுக்கு?"

"தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. அளந்து பார்க்க ஏற்பாடு செய்த மனுஷன், அளவே இல்லாத இடத்தில் வந்து நின்றார். ராமக்காவின் மணிக்கட்டுக்கும் அர்ச்சுனனின் மணிக்கட்டுக்கும் நடையாய் நடந்தார். இங்கே நாடி கொஞ்சம் தடித்தால் அங்கே இளைத்தது. பஸ் எங்கே, பஸ் எங்கே என்று காஜாவைப் பிடுங்கி எடுத்தார். காஜாவின் சட்டைப் பையிலா இருக்கிறது பஸ்? ராமக்கா முனகினாள். அந்த முனகலை நம்பி, குழாயைக் கழற்றி மிச்ச நீரை அர்ச்சுனனுக்கு மாற்றினார். பிடுங்கும்போது குள்ளன் தடுக்கவில்லை. "அவருக்கும் யாராச்சும் அழுவறவங்க இருப்பாங்க" என்று மட்டும் சொன்னான். குடுவை காலியாகிக் குழாயில் காற்று வருகிற சமயத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம் கரிவாயு பஸ் முக்கி முனகி ஏறுகிற சத்தம் கேட்டது. தீர்த்தகிரி மேல்துண்டு கீழே விழுந்தது தெரியாமல் ரோட்டுக்கு ஓடினார்.

வெயில் தணிந்தபோது அர்ச்சுனன் மறுபடியும் கஞ்சியின் உப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். யாருக்கும் அது எரிச்சலாக இல்லை. ராமக்கா கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்து, "வூட்ல ஆட்டக் கட்டுனயா?" என்று கேட்டாள். குள்ளன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

காஜா கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தார். "இந்தம்மாவுக்கு எதுல போட?"

"எதுலயும் இல்ல. ஏத்திட்டமே. கணக்குல வராது."

"ஒரு வாரமா எண்ணுனதுல இதுதான் சார் பெரிய சங்கதி. இது வராதா?"

"வராது பாய். கூட்டிக் கழிச்சா புட்டிதான் ஜெயிச்சது. இந்தக் கணக்க அப்படியே மேலிடத்துக்கு அனுப்புனா, நாளைக்கு இதே நடு நீலத்த மலைக்குத் தூக்கிட்டுப் போவாங்க."

மலைப்பாதையில் இன்னும் இரண்டு தூளிகள் இறங்கி வருவது வாசலில் இருந்தே தெரிந்தது. காஜா ஊசிகளைக் கொதிக்கப் போட்டார். "இனிமே தூக்கியாந்தவனுக்கும் ஒரு குத்து, அப்படித்தானே?"

"அவனுக்குத்தான் மொதக் குத்து. அவன் துளி எங்க நிக்குதோ அங்கருந்துதான் நோவுகாரன அளக்கணும்."

சொல்லும்போது தீர்த்தகிரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. புட்டியையும் தூக்கிப் போட வேண்டாம், கையையும் கட்டிக்கொள்ள வேண்டாம். அவரவர் உடம்புக்கு அவரவர் சனத்தில் ஒரு நல்ல உடம்பை அளவாக வைத்தால் போதும். மாடத்தில் மூன்றாவதாக ஒரு கொட்டாங்குச்சி வைக்கலாம், மலைக்காரர்களுக்கென்று தனியாக. அப்படி நினைத்தபடி மாடத்துப் பக்கம் திரும்பினார். குள்ளன் அங்கே நின்று கொட்டாங்குச்சிகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்னாங்க சாமி, புளியங்கொட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். டாக்டருக்குச் சொல்ல மனம் வரவில்லை. "இங்க காக்க வெச்ச ஆளுங்கப்பா. ஒருத்தருக்கு ஒரு கொட்ட."

குள்ளன் இன்னும் குனிந்து உள்ளே பார்த்தான். "எங்கண்ணன் இருக்கறானா இதுல?"

"இருக்கான். இந்தக் கொட்டாங்குச்சில."

"எதுங்க அவன்?"

தீர்த்தகிரி கையின் கொட்டாங்குச்சியை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இவற்றில் ஒன்று ஆண்டி, மற்றவர்கள் யார் யாரோ. எல்லாம் பழுப்பு, எல்லாம் வழவழப்பு. காஜாவைப் பார்த்தார். காஜா தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியலப்பா" என்றார்.

"தெரியலீங்களா?" குள்ளனுக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. "எங்கண்ணனுக்கு எடது காது பாதி இருக்காதுங்க. கரடி கடிச்சது. தீர்த்தமலக் கூட்டம் மொத்தத்தையும் நிக்க வெச்சாலும் நான் காட்டிருவேன் சாமி."

டாக்டருக்கு அந்தக் காது இப்போது ஞாபகம் வந்தது. நாடி பிடித்தபோது பார்த்த காதுதான். கண் கலங்கிவிட்டது. கொட்டைகளைத் திருப்பிப் போடவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. காஜா எழுந்து முக்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார். அந்த மாதத்தில் முதல் தடவையாகத் தீர்த்தகிரி உட்கார்ந்தார்.